அம்மாவின் தையல் இயந்திரம் அசையவில்லையா?

ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா வைத்திருந்த சிங்கர் 319கே இயந்திரம்; மூன்று பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் அதில்தான் தைத்ததாம். இப்போது சக்கரம் முக்கி முனகித்தான் சுற்றுகிறது, பூத்தையல் விழுவதே இல்லை. பழைய இரும்பு வாங்குகிறவர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம். கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள் சகோதரி, ஒரு வாரம் பொறுங்கள். இந்த மாதிரி இயந்திரம் உடைந்திருப்பதைவிட ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அதிகம். மெஷின் எண்ணெய் கைக்கு எட்டாத அன்றைக்குச் சமையல் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுவிடுகிறோம் அல்லவா? அன்று நன்றாகத்தான் ஓடும். நாளாக ஆக அது பிசினாகி, பஞ்சுத் தூசியையும் சேர்த்துக்கொண்டு இரும்பை இரும்போடு ஒட்டிவிடும்.

பூத்தையலுக்கு ஊசி இடமும் வலமும் ஆட வேண்டும். உள்ளே மேடுபள்ளமான விளிம்புள்ள வட்டத் தட்டுகள் இருக்கின்றன, கேம் என்பார்கள். ஒரு சிறு விரல் அந்த விளிம்பைத் தடவிப்போய் ஊசித் தண்டை ஆட்டுகிறது. பிசின் அந்த விரலைப் பிடித்துக்கொண்டால் நேர்த்தையல் மட்டுமே விழும். நெம்புகோலைப் பலமாகத் தள்ளிவிடாதீர்கள். 'கே' என்ற எழுத்து ஸ்காட்லாந்தின் கில்போவி ஆலையைக் குறிக்கும். அந்த ஆலை 1980இல் மூடிவிட்டது. உடைந்த பாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

மோட்டார் இருந்தால் முதலில் மின்சார வயரைக் கழற்றுங்கள். அடுப்புக்கு எட்ட, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஊசியை எடுத்துவிட்டு, ஊசித் தட்டையும் பாபின் கேஸையும் கழற்றி, அங்கே மெத்தைபோல் அமுங்கியிருக்கும் பஞ்சைச் சிறு தூரிகையால் எடுங்கள். கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைப்பது நல்லது. பிறகு உலோகம் உலோகத்தோடு உரசும் மூட்டுகளில் மட்டும் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். அசையாவிட்டால் மறுபடி ஊறட்டும். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் பிசின் இளகும். ஆனால் மண்ணெண்ணெய் ஈரம் இருக்கும்போது சூடு வேண்டவே வேண்டாம். மோட்டாரிலும் ரப்பர் பட்டையிலும் ஒரு சொட்டும் படக்கூடாது. மேலே இருக்கும் பொன்னிறச் சித்திரத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால் சித்திரமே போய்விடும்.

மூட்டுகள் இளகியதும் துடைத்து உலரவிட்டு, சுத்தமான மெஷின் எண்ணெய் மூட்டுக்கு ஒரு சொட்டு. போதும், குளிப்பாட்ட வேண்டாம்.

இன்னொன்று, இது முக்கியம். 306கே, 319கே இரண்டுக்கும் 206x13 என்ற ஊசிதான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 15x1 இதைவிட நீளம். போட்டால் கீழே கொக்கியில் இடித்துவிடும். பழைய ஊசியோடு போய் அளவு ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.

சிங்கப்பூர் வந்தால் தேக்கா நிலைய மாடிக்கு ஏறிப் பாருங்கள். ரவிக்கை தைப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். 1982இல் ஜூஜியாவ் நிலையம் என்று திறந்த அதே கட்டடம்தான். அங்கே நான் பார்த்துக் கற்றது: எண்ணெய் விட்டதும் பழந்துணியில் ஓட்டித் தள்ளுகிறார்கள், புதுத்துணியில் கறை விழாது. (இதே ஊரில் பழைய தையல் கால்களைக் காப்பிக்கடை மேசையாக்கியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். என்னவோ, எனக்கு அங்கே காப்பி இறங்குவதில்லை.)

பூத்தையலுக்கு மேல்நூலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். துணி மெல்லியதானால் அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். அகன்ற துளையுள்ள ஊசித் தட்டும் பாதமும் போட்டு, முதல் சுற்றைக் கையாலேயே சுற்றி, ஊசி எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகு கால் வையுங்கள். வேகம் வேண்டாம். முதலில் ஒரு பழைய கைலித் துண்டு, பிறகு பேத்தியின் பாவாடைக் கரை.

ஒரு வாரத்தில் சக்கரம் சுற்றியதா என்று ஒரு வரி எழுதுங்கள். இரும்புக்காரர் அதுவரை காத்திருக்கட்டும்.