'காடு வெட்டினவர்' பெயர் என்ன?



சில மாதங்களுக்கு முன் நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். "உங்கள் தாத்தா, கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா பெயர்களை வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள்." இவ்வளவுதான் பாடம். தாத்தா பெயரை எல்லாப் பிள்ளைகளும் எழுதி வந்தார்கள். கொள்ளுத்தாத்தா பெயரைச் சிலர்தாம் எழுதியிருந்தார்கள். எள்ளுத்தாத்தா என்ற இடம் எல்லா நோட்டிலும் காலியாக இருந்தது. ஒரு பையன் மட்டும் அந்த இடத்தில் 'காடு வெட்டினவர்' என்று எழுதியிருந்தான்.

"இது வேலை. பெயர் என்னப்பா?" என்றேன்.

"தெரியாதுங்க ஐயா. பெரிய பாட்டி அப்படித்தான் சொன்னாங்க."

அந்தப் பெரிய பாட்டியைப் பார்க்க அன்று மாலையே போனேன். செர்காம் சாலையோரத்து வீடு. அஞ்சடியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பேச்சில் தளர்வில்லை.

"எங்கப்பன் காட்ட வெட்டி, நெருப்பு வெச்சி, வேரப் பேத்து, ரப்பர் கன்னு நட்ட ஆளு வாத்தியாரய்யா. சப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டான். திரும்பி வரல. அப்ப எனக்கு மூணு வயசு. அம்மா என்னத் தூக்கிக்கிட்டு ஆத்தக் கடந்து மாமன் தோட்டத்துக்குப் போயிட்டா."

ஆறு என்றால் கெசாங் ஆறு. மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் அதுதான் எல்லை.

"நீங்க பொறந்தது எந்தப் பக்கம் பாட்டி?"

"இந்தப் பக்கம்னுதான் அம்மா சொல்லும். பதினாலாங்கட்டைத் தோட்டம்னு சொல்லும். சூராட்டு எதுவும் எங்கிட்ட இல்ல."

பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே பால் வெட்டி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்தும் அவர் இன்னும் குடியுரிமை இல்லாதவர். "சாகறதுக்குள்ள நீலக் கார்டு ஒண்ணு கெடைக்குமாய்யா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நேயர்களே, ஆற்றுக்கு எந்தப் பக்கம் பிறந்தார் என்பதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. அந்தக் காலத்தில் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த நீரிணைக் குடியேற்றங்கள். ஜொகூர் சுல்தானுடைய நாடு. 1948 பிப்ரவரி 1ஆம் தேதி மலாயாக் கூட்டரசு அமைந்தபோது, மலாக்காவிலோ பினாங்கிலோ பிறந்து, கூட்டரசில் நிரந்தரமாகக் குடியிருந்த பிரிட்டிஷ் பிரஜை சட்டப்படி தானாகவே கூட்டரசுக் குடிமகன் ஆனார். ஜொகூரில் பிறந்த நம்மவருக்கு அப்படி இல்லை. அவருடைய தாயும் தந்தையும்கூட இந்நாட்டிலேயே பிறந்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனுப் போட்டுத்தான் கேட்க வேண்டும். ஒரு சிறிய ஆறு, இரண்டு கரை, இரண்டு சட்டம்! பாட்டி இந்தக் கரையில் பிறந்தார் என்று காட்ட ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைத் தேடி நானும் பாட்டியின் பேரனும் புறப்பட்டோம்.

முதல் தடை ஊர்ப்பெயர். நாம் தோட்டங்களுக்கு வைத்த பெயர் வேறு, புத்தகத்தில் உள்ள பெயர் வேறு. பத்தாங்கட்டை, பாலத்துத் தோட்டம், பழைய கிராணியார் தோட்டம் என்று நாம் சொல்வோம். பதிவேட்டில் ஆங்கிலக் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். 'பதினாலாங்கட்டை' என்று கேட்டு ஓர் அலுவலகத்தின் முகப்பில் நின்றபோது, "அப்படி ஓர் இடமே இல்லை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் நிலத்தின் வழியாகப் போகலாம் என்று தோன்றியது. மனிதன் இடம் மாறுவான், நிலம் மாறாது அல்லவா? கோயில் பூசாரியும் பழைய தண்டல் ஒருவரும் அந்த இடத்தைக் காட்டினார்கள். இன்று அங்கே ரப்பர் இல்லை. செம்பனையும் சின்னச் சின்னத் துண்டு நிலங்களும்தான். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். எத்தனையோ குடும்பங்கள் லயத்தைக் காலி செய்துகொண்டு போன காலம் அது. அந்த வேதனையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

துண்டு நிலம் ஒன்றின் இன்றைய சொந்தக்காரர் நல்ல மனிதர். நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் தம் பட்டாவை எடுத்து வந்து லாட் எண்ணைக் காட்டினார். அந்த எண் இருந்தால் போதும். கட்டணம் கட்டி யாரும் நில அலுவலகத்தில் தனியார் தேடல் செய்யலாம். இதை நம்மவர் பலர் அறியாமல் இருக்கிறார்கள். 10 ஏக்கருக்கு உட்பட்ட நாட்டுப்புற நிலத்தின் பட்டா மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும். அதற்கு மேற்பட்டது மாநிலப் பதிவகத்தில் இருக்கும். துண்டு நிலத்தின் பட்டா எந்தப் பெரிய பட்டாவிலிருந்து பிரிந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். மலாக்காவில் இன்னொரு சங்கதியும் உண்டு. மற்ற மலாய் மாநிலங்களில் வெகுகாலமாகப் பட்டாப் பதிவு முறை இருந்தது. மலாக்காவிலும் பினாங்கிலும் பத்திர முறைதான். 1963ஆம் ஆண்டுச் சட்டம் 1966இல் நடப்புக்கு வந்த பிறகுதான் இங்கும் பட்டாப் பதிவு முறை வந்தது. ஆகவே அதற்கு முந்தியதைப் பழைய பத்திரங்களில்தான் தேட வேண்டும்.

இப்படிப் பின்னோக்கிப் போய்ப் பழைய கம்பெனியின் பெயரைக் கண்டுபிடித்தோம். நிலம் ஜாசின் மாவட்டம். ஆற்றுக்கு இந்தப் பக்கம்! பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கம்பெனி பெயர் கிடைத்ததும் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளையும் 'தமிழ் முரசை'யும் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. கைப்பேசியிலேயே பார்க்கலாம். ரப்பர் கம்பெனிகளின் ஆண்டுக்கூட்டச் செய்தி அதில் வந்திருக்கும். எத்தனை ஏக்கர் காடு அழிந்தது, எத்தனை ஏக்கர் நட்டது, ராத்தலுக்கு என்ன விலை, பங்குக்கு என்ன லாபம், எல்லாம் உண்டு. ஆள்கணக்கும் உண்டு. ஆள் பெயர் மட்டும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். இந்நாட்டில் முதன்முதல் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டவர் டான் சாய் யான். 1896இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அவர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது, நிற்கட்டும். அதன்பின் தோட்டம் தோட்டமாகக் காட்டுக்குள் முதல் கோடரி போட்டவர்கள், முறைக்காய்ச்சலில் விழுந்தவர்கள், அட்டைக்கு இரத்தம் கொடுத்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! காட்டின் ஓரத்தில் நின்று நாட்டை முன்னே தள்ளியவர்கள் அவர்கள்தாம். நிலப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆனால் வேறொரு புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் பதிய வேண்டும் என்பது சட்டம். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் கிராணியார் எழுதி அனுப்புவார். பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் பதிவார்கள். கம்பெனி பெயரைக் கையில் வைத்துக்கொண்டு பிறப்புப் பதிவைத் தேடச் சொன்னோம். முதல் தடவை இல்லை என்றார்கள். இரண்டாம் தடவையும் இல்லை.

இங்கேதான் என் வாத்தியார் புத்தி உதவியது. அந்தக் காலத்துக் கிராணிகள் நம் 'அ'வுக்கு ஆங்கிலத்தில் 'யூ' எழுத்தைப் போடுவார்கள். அஞ்சலையை 'ஏ'யில் தேடினால் கிடைக்கமாட்டாள், 'யூ'வில் தேடினால் கிடைப்பாள். கந்தசாமி 'கே'யிலும் இருப்பார், 'சி'யிலும் இருப்பார். பாட்டியின் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாக ஒரு தாளில் எழுதினேன். தாயார் பெயரையும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் தடவை கிடைத்தது.

1940ஆம் ஆண்டு. பெண் குழந்தை. பிறந்த இடம் அதே கம்பெனியின் தோட்டம், மலாக்கா. தாய் பெயர். தந்தை பெயர். தந்தையின் தொழில் 'கூலி'.

பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். தகப்பனார் பெயரை வாசித்ததும் இடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். "அம்மா புருசன் பேரச் சொல்லாது. மாமன் 'மச்சான்'னுதான் சொல்லும். இத்தன வயசுல இன்னிக்குத்தான் எங்கப்பன் பேரக் கேக்குறேன்" என்றார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அந்தக் குடும்பத்தின் சொத்து.

அந்தத் தாளோடு விண்ணப்பம் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் இதே பக்கத்தில் உங்களுக்குச் சொல்வேன்.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். பழைய பிறப்பு, இறப்புப் பத்திரங்களைக் குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். இறந்தவருடைய பழைய அடையாள அட்டையின் எண், 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா அட்டை, ஊழியர் சேமநிதிக் கடிதம் எல்லாம் சாட்சிகள். துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்று இருந்தால் இன்னும் விசேஷம். மாதம் 10 வெள்ளியாகக் கட்டி நம்மவர் வாங்கிய பங்கு அது. துண்டு போடும் காலத்தில் தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று காட்டியது அந்தச் சங்கம்தான். பழைய தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். தகப்பன் பெயர் அதிலும் இருக்கும்.

தாளே இல்லாத வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். மூன்று கேள்வி போதும். எந்தக் கங்காணியோடு வந்தோம்? குலதெய்வம் எது? எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தோம்? கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றுப்புறத்திலும்தான் ஆள் கட்டினான். ஆகவே அவன் ஊர் தெரிந்தால் நம் ஊர் பக்கத்தில்தான். குலதெய்வத்தின் பெயர் கிராமத்தையே காட்டிவிடும். சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. இந்திய அரசாங்கம் 1938இல் கூலி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அந்தக் காலத்தில் வந்தவர்களை நேரில் கண்ட பிள்ளைகள் இன்று எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் எந்த அலுவலகத்திலும் இந்த மூன்று கேள்விக்குப் பதில் கிடைக்காது.

அந்தப் பையன் மறுநாள் நோட்டைக் கொண்டு வந்தான். 'காடு வெட்டினவர்' என்பதை அவன் அழிக்கவில்லை. அதற்கு முன்னால் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

உங்கள் வீட்டு நோட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறதா? இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டியின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.