மழைக்குக் கையேந்தும் நாம் மழையை அளக்கிறோமா?

மழை பொய்த்த ஆண்டுகளில் திடலில் கூடி மழைத் தொழுகை தொழுகிறோம், கண்ணீரோடு கையேந்துகிறோம். இறையருளால் மழை பெய்த பின் “எவ்வளவு பெய்தது?” என்று எவரேனும் வினவினால், “நல்ல மழை” என்பதற்கு மேல் நம்மிடம் விடை இருப்பதில்லை.

இத்தனைக்கும் நாம் அளவறிந்த சமுதாயம். அஸருடைய நேரத்தை நிழலின் நீளத்தால் கணித்தவர்கள் நம் முன்னோர். இன்றும் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் தொழுகை நேரங்கள் நிமிடக் கணக்கில் எழுதப்பட்டுள்ளன. வானிலிருந்து நீர் ஓர் அளவோடு இறக்கப்படுவதை அல்முஃமினூன் அத்தியாயம் நினைவூட்டுகிறது. அவ்வாறு வருவதை அளந்து குறித்து வைப்பது தவக்குலுக்கு எவ்வகையிலும் முரணாகாது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமி. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் கண்மாய்களை நிரப்ப வேண்டும். குழாயில் குடிநீர் வரத் தொடங்கிய பின் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்க்கும் வழக்கமும் அருகிவிட்டது. ஆழ்துளைக் கிணறு வற்றினால் மேலும் ஆழமாகத் துளையிடுகிறோம். நீர்மட்டம் எந்த மாதத்தில் எவ்வளவு இறங்கியது என்ற குறிப்பு ஏதுமின்றி, ஜமாஅத்தின் பணமும் குடும்பங்களின் சேமிப்பும் மண்ணுக்குள் போகின்றன.

இனி வரும் காலம் இன்னும் கடினமானது. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழை பெருகுகிறது. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. விருதுநகர் மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். அருகிலேயே உள்ள திருச்செந்தூரில் அதே நேரத்தில் பதிவானது 69 செ.மீ. பக்கத்து ஊர்களுக்கிடையே இத்தனை வேறுபாடு இருக்குமானால், வட்டத் தலைநகரின் கணக்கு நம் சிற்றூரின் நிலையை எப்படிச் சொல்லும்? ஒரு பெருமழையை மட்டும் கொண்டு காலநிலை மாறிவிட்டது என்று தீர்ப்புரைக்கவும் இயலாது. அதற்குப் பல்லாண்டுப் பதிவுகள் வேண்டும்.

எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு மழைமானியை, மரமும் சுவரும் மறைக்காத வெட்டவெளியில் நிறுவ வேண்டும் என்பது நம் கருத்து. மக்தப் மாணவ மாணவியர் முறைவைத்து நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவைக் குறிக்கட்டும். வெள்ளிதோறும் கிணற்றின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை கயிறு விட்டு அளக்கட்டும். இரண்டு எண்களும் தொழுகை நேரப் பலகைக்கு அருகில் எழுதப்படட்டும். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 200 சதுர மீட்டர் பரப்புள்ள பள்ளிவாசல் மாடியில் 50 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். ஹவுளுக்கும் ஒளுவுக்கும் பயன்படக்கூடிய அந்நீர் தெருவில் ஓடுவதை எண்ணாகக் கண்டால், மழைநீர்த் தொட்டி கட்டுவது பற்றி நிர்வாகிகளுக்கு எவரும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிராது.

இது அரசின் பணியல்லவா என்று சிலர் கேட்கலாம். அரசின் மழைமானிகள் இருக்கின்றன. கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்குள்ளோரிடம் வழிகாட்டுதல் கேட்கலாம். ஆயினும் நம் தெருக் கிணற்றின் ஆழத்தை நாம்தான் அளந்தாக வேண்டும். கண்மாயும் நிலத்தடி நீரும் அனைவருக்கும் பொது. ஆதலால் அக்கணக்கு, ஊரிலுள்ள எல்லாச் சமயத்தாரும் பார்க்கும் இடத்திலும் இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அடுத்த ஜும்ஆவுக்குப் பின்னர் இது குறித்துப் பேசுவோம். கேட்டுப் பெறும் அருளைக் கணக்கறிந்து பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக!