995ஐ அழைத்தால் வருவது யார்? குடிமைத் தற்காப்புப் படையின் ஓராண்டுக் கணக்கு சொல்வது என்ன?

இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்க உங்களுக்கு ஆறு, ஏழு நிமிடம் ஆகலாம். அதற்குள் சிங்கப்பூரில் எங்கேயோ மூன்று பேர் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேட்டிருப்பார்கள்.

மிகைப்படுத்தல் இல்லை. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. 2024ஆம் ஆண்டில் அவசர மருத்துவ உதவி கேட்டு வந்த அழைப்புகள் 245,279. ஒரு நாளைக்குச் சுமார் 670. அதாவது, ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஓர் அழைப்பு.

இந்தப் புள்ளிவிவரம் வெளியாகும்போது செய்தியில் இரண்டு வரி கேட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், நம்ம வீட்டைப் பற்றியும் நம்ம புளோக்கைப் பற்றியும் அவை நிறைய சொல்கின்றன.

தீயணைப்புப் படைதானே? தீ எவ்வளவு?

2024இல் மொத்தம் 1,990 தீச்சம்பவங்கள். அதற்கு முந்திய ஆண்டு 1,954. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தீச்சம்பவத்துக்கு, 120க்கும் அதிகமான மருத்துவ அழைப்புகள்! சிவப்பு வண்டி, நீர்க்குழாய், தலைக்கவசம்: குடிமைத் தற்காப்புப் படை என்றதும் நம் மனத்தில் வரும் படம் அதுதான். ஆனால் அன்றாடம் அதிகம் ஓடுவது ஆம்புலன்ஸ்.

பல நாடுகளில் தீயணைப்பு ஒரு துறை, ஆம்புலன்ஸ் வேறொரு துறை. இங்கே இரண்டும் ஒரே குடையின்கீழ். எதற்காக இருந்தாலும் நீங்கள் அழைக்கும் எண் ஒன்றுதான்.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததில்லை. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பரவிய தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். அட்டாப்புக் கூரை வீடுகள் நெருக்கமாக இருந்த காலம் அது. நாம் இன்று வாழும் அடுக்குமாடிச் சிங்கப்பூர் உருவாக அந்தத் தீயும் ஒரு காரணம். பிறகு 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, நமக்கு நன்றாகத் தெரிந்த சிராங்கூன் ரோட்டில், நியூ வோர்ல்டு ஹோட்டல் கட்டடம் இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டனர். மூன்று ஆண்டு கழித்து, 1989இல், தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாக இணைந்தன.

அழைப்புகள் ஏன் இவ்வளவு?

2020இல் மருத்துவ அழைப்புகள் சுமார் 190,000. 2022இல் அது 256,837ஆக எகிறியது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டும் சற்றுக் குறைந்திருக்கிறது. "அப்பாடா, குறைஞ்சிடுச்சு" என்று சொல்லலாமா? முடியாது. 2020ஐ விட 2024இல் 50,000க்கும் அதிகமான அழைப்புகள் வந்திருக்கின்றன.

முக்கியக் காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாம் மூப்படையும் சமுதாயம். 2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் சுமார் நான்கில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் இருப்பார். தாத்தாவுக்கு நெஞ்சுவலி, பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குத் திடீரென்று பேச்சு குழறுகிறது. இதெல்லாம் இனிமேல் கூடத்தான் செய்யும்.

அழைப்பு கூடினால் ஆம்புலன்ஸைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். வண்டி வாங்கலாம். ஆனால் வண்டிக்குள் இருக்கும் துணை மருத்துவரைப் பயிற்றுவிக்க ஆண்டுகள் ஆகும். ஆகவேதான் இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது.

எதற்கு அழைக்கலாம், எதற்குக் கூடாது?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவிழப்பு, பக்கவாத அறிகுறி, நிற்காத இரத்தப்போக்கு, வலிப்பு. இவற்றில் எது வந்தாலும் யோசிக்கவே வேண்டாம், உடனே 995.

இருமல், சளி, பல்வலி, இரண்டு நாளாக இருக்கும் லேசான காய்ச்சல். இதற்குப் பக்கத்து மருந்தகமோ பலதுறை மருந்தகமோ போதும். தானாக நடந்து போக முடியாதவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை என்றால் 1777 என்ற எண் இருக்கிறது. அவசரமற்ற ஆம்புலன்ஸ் சேவைக்கான எண் அது.

2019 ஏப்ரல் முதல், அவசரம் இல்லை என்று சம்பவ இடத்தில் மதிப்பிடப்படுவோரைப் படையின் ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதில்லை. சிலருக்கு இது கடுமையாகத் தெரியலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பல்வலிக்கு உங்கள் புளோக்குக்கு வந்த ஆம்புலன்ஸ், அடுத்த புளோக்கில் மாரடைப்பு வந்தவருக்குக் கிடைக்காது. அவருக்கு இன்னும் தொலைவிலிருந்து வேறொன்று வரவேண்டும்.

அதற்காக, "நாம கூப்பிட்டா தொந்தரவா இருக்குமோ" என்று பயந்து வீட்டிலேயே நெஞ்சுவலியுடன் உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. நம் பெரியவர்களில் நிறையப் பேர் அப்படித்தான். "ஒன்னும் இல்லப்பா, கேஸ்தான், கொஞ்சம் ஓமத்தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்" என்பார்கள். அந்த நேரத்தில் போனை எடுக்கவேண்டியவர் நீங்கள்தான்.

வீட்டில் தீ எங்கிருந்து வருகிறது?

1,990 தீச்சம்பவங்களில் கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் நேர்ந்தவை. அவற்றுக்கு முன்னணிக் காரணம் என்ன தெரியுமா? அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுக் கவனிக்காமல் போவது. அடுத்த பெரிய காரணம் மின்சாரக் கோளாறு.

இதைக் கேட்டதும் "எங்க வீட்ல அப்படி நடக்காது" என்று தோன்றும். தீபாவளிக்கு முந்திய வாரத்தை நினைத்துப் பாருங்கள். வாணலி நிறைய எண்ணெய், முறுக்கு ஒரு பக்கம், அதிரசம் ஒரு பக்கம். கதவு தட்டும் சத்தம் கேட்கிறது, அல்லது ஊரிலிருந்து வீடியோ கால் வருகிறது. "ஒரு நிமிஷம்" என்று அம்மா நகர்கிறார். எண்ணெய்க்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், சட்டென ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் தெறிக்கவிடும். அடுப்பை அணைக்க முடிந்தால் அணையுங்கள், மூடியால் மூடுங்கள். மூடிய பிறகு ஆர்வக்கோளாறில் உடனே திறந்து பார்க்காதீர்கள். அடக்க முடியவில்லையா? அனைவரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, 995ஐ அழையுங்கள். சாத்திய கதவு தீயையும் புகையையும் தாமதப்படுத்தும். மின்தூக்கி வேண்டாம், படிக்கட்டு.

வெளியேற வழியே இல்லை என்றால், வெளியே பார்த்த சன்னல் இருக்கும் அறைக்குள் போய்க் கதவை மூடி, கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்துவிட்டு, சன்னலிலிருந்து குரல் கொடுங்கள்.

சாமி விளக்கையும் மறக்கவேண்டாம். வெளியே கிளம்பும்போதும் தூங்கப் போகும்போதும் அணைத்துவிடுவது நல்லது. அணைந்தால் அபசகுனம் என்று பாட்டி சொன்னால், திரைச்சீலை பக்கத்தில் எரிவது அதைவிட ஆபத்து என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கூடிவரும் எண்: பேட்டரி

மொத்தத் தீச்சம்பவங்கள் 2024இல் இரண்டு விழுக்காடுகூட உயரவில்லை. ஆனால் மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள் போன்ற நடமாட்டச் சாதனங்கள் தொடர்பான தீ 55இலிருந்து 67ஆகக் கூடியது. அது சுமார் 22 விழுக்காடு.

67 பெரிய எண்ணா? எண்ணிக்கையில் சின்னதுதான். ஆனால் இந்தத் தீயின் குணம் வேறு. லித்தியம் அயன் பேட்டரிக்குள் ஒரு சிறு பகுதி அளவுக்கு மீறிச் சூடானால், அது பக்கத்துப் பகுதியைச் சூடாக்கும், அது அடுத்ததை. சில விநாடிகளில் நச்சுப்புகையுடன் வெடித்து எரியும். அதுவும் எங்கே? பெரும்பாலானோர் சார்ஜ் போட்டு வைக்கும் இடத்தில், வாசல் கதவுக்குப் பக்கத்தில். வெளியேறும் ஒரே வழியில் தீ நின்றால், எங்கே போவீர்கள்?

அதனால்தான் விதிமுறைகள் இறுகிவருகின்றன. யூஎல்2272 தரச் சான்றிதழ் இல்லாத மின்ஸ்கூட்டரை 2025 ஜூன் முதல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் பேட்டரி வாங்குவது, இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுத் தூங்குவது, சொந்தமாக மாற்றியமைப்பது, மூன்றையும் நிறுத்துங்கள். உணவு விநியோகம் செய்யும் நண்பர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். பிழைப்புக்காக ஓட்டுபவருக்குப் புதுப் பேட்டரி செலவுதான். ஆனால் வீடே போவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் யாருடையது?

இதுதான் முக்கியமான கேள்வி. பெரும்பாலான மருத்துவ அழைப்புகளுக்கு 11 நிமிடத்துக்குள் போய்ச் சேர்வது படையின் இலக்கு. போக்குவரத்தும் மின்தூக்கியும் உள்ள நகரத்தில் அது வேகம்தான். ஆனால் இதயத்துடிப்பு நின்றவருக்கு, நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியோ ஏஇடி மின்னதிர்ச்சியோ இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை யாரும் எதுவும் செய்யவில்லை என்றால், மிகச் சிறந்த துணை மருத்துவர் வந்தாலும் காலம் கடந்திருக்கும். எத்தனை ஆம்புலன்ஸ் வாங்கினாலும் இந்த இடைவெளி முழுதாக மூடாது. மூடக்கூடியவர் அப்போது பக்கத்தில் இருப்பவர்தான்.

மைரெஸ்பாண்டர் செயலி 2015இல் அறிமுகமானது அதற்காகத்தான். உங்களுக்கு 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயத்துடிப்பு நின்றதாகச் சந்தேகம் வந்தால், செயலி உங்கள் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். ஏஇடி கருவி எங்கே இருக்கிறது என்றும் காட்டும். குப்பைத் தொட்டித் தீ போன்ற சின்னத் தீச்சம்பவங்களுக்கும் அழைப்பு வரும். வீவக பேட்டைகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில் கீழ்த்தள மின்தூக்கி அருகே ஏஇடி பொருத்தப்பட்டுள்ளது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறீர்கள். உங்கள் புளோக்கில் அது எங்கே என்று இப்போது சொல்ல முடியுமா?

சிபிஆர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 995இல் பேசும் அதிகாரி தொலைபேசியிலேயே சொல்லித் தருவார். லைனைத் துண்டிக்காமல் அவர் சொல்வதைச் செய்தால் போதும்.

தீ விஷயத்திலும் அப்படித்தான். 2025 ஏப்ரல் 8ஆம் தேதி ரிவர் வேலி ரோட்டில் ஒரு கடைவீட்டில் தீப்பிடித்தது. உள்ளே பிள்ளைகள். எதிரே வேலை பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஏறி, பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். அந்த ஊழியர்கள் வராமல் போயிருந்தால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும். அவர்களில் சிலரை மனிதவள அமைச்சு நாணயம் வழங்கிப் பாராட்டியது.

உள்ளே போகிறவருக்கு எத்தனை வயது?

தீயணைப்பு நிலையங்களில் பணிபுரிவோரில் முழுநேரத் தேசியச் சேவையாளர்கள் நிறையப் பேர். தொடக்கக் கல்லூரியோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ முடித்துவிட்டு வந்த, 19, 20 வயது இளையர்கள். உங்கள் அண்ணன், தம்பி, வகுப்புத் தோழன். அடுத்த ஆண்டு நீங்களாகவும் இருக்கலாம்.

2022 டிசம்பர் 8ஆம் தேதி ஹெண்டர்சன் ரோட்டில் ஒரு வீவக வீட்டில் நேர்ந்த தீயை அணைக்கச் சென்ற 19 வயதுத் தேசியச் சேவையாளர் ஒருவர் உயிரிழந்தார். தீயணைப்புப் பணியில் படை இழந்த முதல் வீரர் அவர்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போவது, தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழிவிட்டுச் செருப்பு அலமாரியை நகர்த்துவது, இதெல்லாம் நம் வீட்டைக் காப்பாற்றுவதற்கு மட்டும் இல்லை. புகை மண்டிய அந்தத் தாழ்வாரத்தில் கண் தெரியாமல் நுழையப்போகிறவரையும் அது காப்பாற்றும்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

நான்கே வேலை.

ஒன்று, உங்கள் புளோக்கில் ஏஇடி எங்கே என்று நேரில் போய்ப் பாருங்கள். மைரெஸ்பாண்டர் செயலியையும் பதிவிறக்கம் செய்யுங்கள்.

இரண்டு, வீட்டில் தீ எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று கூரையை அண்ணாந்து பாருங்கள். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்கு அது கட்டாயம். பழைய வீடு என்றால் இல்லாமல் இருக்கலாம். வாங்கிப் பொருத்துவது கடினமில்லை.

மூன்று, சார்ஜ் ஏறும் பேட்டரிகளை வாசலிலிருந்து நகர்த்துங்கள்.

நான்கு, தாத்தா, பாட்டியிடம் 995, 1777 இரண்டின் வேறுபாட்டைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பு அவர்களிடம் போய்ச் சேர்வதில்லை. இரண்டு மொழியும் தெரிந்த நீங்கள் செய்யக்கூடிய வேலை அது.

அடுத்த ஆண்டும் புள்ளிவிவரம் வரும். அதில் ஓர் அழைப்பு உங்கள் வீட்டிலிருந்தும் போயிருக்கலாம். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை என்ன செய்வது என்று உங்கள் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.