நாற்பத்தைந்து வயதில் முதல் மாரத்தான்: ஓடலாம், ஆனால் அவசரம் வேண்டாம்

நம் ஊரில் எந்த ஓட்டத்துக்கும் "மாரத்தான்" என்று பேனர் கட்டிவிடுகிறார்கள். கல்லூரி விழாவுக்கு ஓடும் 5 கிலோமீட்டரும் மாரத்தான், விழிப்புணர்வுக்கு ஓடும் 3 கிலோமீட்டரும் மாரத்தான்! உண்மையில் மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-இல் அதுவே உலகம் முழுவதற்குமான அளவாக ஆனது. சென்னைக் கணக்கில் சொன்னால், நேப்பியர் பாலத்தில் கிளம்பிக் கடற்கரை ஓரமாகவே போனால் கோவளத்தையும் தாண்டிவிடலாம்.

இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஒரு நிஜமான ஆபத்து உண்டு. 5 கிலோமீட்டர் "மாரத்தானை" முடித்து மெடல் வாங்கிய நாற்பத்தைந்து வயதுக்காரர், அடுத்தது நிஜ மாரத்தான்தான் என்று முடிவு செய்துவிடுகிறார். இருபது வருடமாக நாற்காலி வேலை. சுகர் பார்டரில் நிற்கிறது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இணையத்தில் பதினாறு வாரப் பயிற்சி அட்டவணை ஒன்றை இறக்கிக்கொண்டு மறுநாளே ஷூவை மாட்டிவிடுகிறார். அந்த அட்டவணைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே வாரம் நான்கு நாள் ஓடுகிறவர்களுக்காகப் போட்டவை என்பதை அவர் கவனிப்பதில்லை.

அவர் ஓடக்கூடாதா? தாராளமாக ஓடலாம். ஆனால் பதினாறு வாரம் போதாது, ஒரு முழு வருடம் வேண்டும்.

காரணம் எளிது. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் அப்படியல்ல, அவை பழகப் பல மாதங்கள் ஆகும். அதனால் இரண்டாவது மாதத்தில் மூச்சு "இன்னும் ஓடு" என்று சொல்லும், முழங்காலும் குதிகாலும் "வேண்டாம்" என்று சொல்லும். பலர் மூச்சின் பேச்சைக் கேட்டு ஓடி, மூன்றாவது மாதத்தில் எலும்பு டாக்டரிடம் போய் உட்காருகிறார்கள்.

இதயத்தையும் லேசாக நினைக்கக்கூடாது. அமெரிக்காவின் ஜிம் ஃபிக்ஸ் முப்பத்தைந்து வயதில் குண்டான உடம்போடு, புகைப் பழக்கத்தோடு ஓடத் தொடங்கியவர். எடையைக் குறைத்தார், புகையை விட்டார். 1977-இல் அவர் எழுதிய ஓட்டப் பயிற்சிப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 1984-இல், 52 வயதில், ஓட்டத்துக்குப் போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்தார். இதய ரத்தக் குழாய்களில் கடுமையான அடைப்பு இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவருடைய அப்பா 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர். ஓட்டம் ஃபிக்ஸைக் கொன்றது என்று சொல்வது தவறு, அவர் அப்பாவைவிட ஒன்பது வருடம் கூடுதலாக வாழ்ந்தார். ஆனால் ஓடுகிறவருக்கு மாரடைப்பே வராது என்ற நம்பிக்கையும் தவறு.

அதற்காகப் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் அரை மாரத்தானும் முழு மாரத்தானும் ஓடிய சுமார் ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரைக் கணக்கெடுத்தபோது, இதயம் நின்றுபோன சம்பவங்கள் 59. அதாவது ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஷூ வாங்குவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்து, அவர் சொன்னால் இசிஜியும் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுத்துக்கொள்வது கோழைத்தனம் அல்ல.

சரி, ஒரு வருடத்தை எப்படிச் செலவழிப்பது? சென்னையில் முழு மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. அப்படியானால் முந்தைய ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். முதல் மூன்று மாதம் வேக நடை மட்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே பிரபலமாக்கிய முறை இது. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். மே மாத வெயிலில் விடியுமுன் முடித்துவிட வேண்டும், தூரத்தைக் கூட்டக்கூடாது. வாரம் ஒரு நாள் நீண்ட ஓட்டம், அது மெல்ல வளர்ந்து டிசம்பரில் 30 கிலோமீட்டரைத் தொட வேண்டும். உடம்பில் சேமித்த சர்க்கரைச் சத்து தீர்வது ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான். இந்த நீண்ட ஓட்டங்கள் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வரும் என்பதால் நான்கைந்து வாரம் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்புச் சத்து குறைந்திருந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததே முக்கியக் காரணம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது.

யாரும் பேசாத இன்னொரு விஷயம் வீடு. கடைசி மாதங்களில் வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் பயிற்சிக்கே போய்விடும், அதுவும் காலை நேரம். அப்பா ஓடப் போனால் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது அம்மா. அம்மா ஓட ஆசைப்பட்டால்? டிபன் யார் செய்வது, பால் யார் வாங்குவது என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984-இல்தான். நம் வீடுகளில் இன்னும் வரவில்லை. நடுத்தர வயதில் ஓட நினைக்கும் ஆண், முதலில் வாரம் மூன்று காலை சமையலறையை ஏற்றுக்கொண்டு மனைவிக்கும் ஷூ வாங்கித் தரட்டும். அதுவும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

உடல்நலத்துக்கு 42 கிலோமீட்டர் தேவையே இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி போதும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால் "உடம்புக்கு நல்லது" என்ற ஒரே காரணத்துக்காக அதிகாலை நாலரை மணிக்கு எழுந்திருப்பவர்கள் எத்தனை பேர்? காலண்டரில் வட்டம் போட்ட ஒரு தேதி இருந்தால் எழுந்திருக்கிறார்கள். மாரத்தானின் பயன் அதுதான். பந்தயம் சில மணி நேரம், அது இழுத்துச் செல்லும் பயிற்சி ஒரு வருடம். சர்க்கரையைக் குறைப்பதும் தூக்கத்தைத் திருப்பித் தருவதும் அந்த வருடமே தவிர மெடல் அல்ல.

பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் மாரத்தானுக்கு வந்தது 89 வயதில். 2011-இல் டொரண்டோ மாரத்தானை முடித்தபோது அவருக்கு நூறு வயது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் ஏற்கவில்லை, அவர் ஓட்டத்தையும் விடவில்லை. 2025-இல் சாலை விபத்தில் இறக்கும்வரை நடையை அவர் விட்டதில்லை. அவரோடு ஒப்பிட்டால் நாற்பத்தைந்து என்பது சின்ன வயது. பதினாறு வாரத்தில் முடித்தே ஆக வேண்டும் என்று யார் துரத்துகிறார்கள்? டிசம்பரில் கால் தயாராகவில்லை என்றால் பதிவுக் கட்டணம் போனால் போகட்டும். அடுத்த ஜனவரியும் வரத்தான் போகிறது. முழங்கால்தான் திரும்ப வராது.