உடுப்பவரை எண்ணி நெய்வோம்

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது பழமொழி. அழகை எண்ணிச் சொன்ன அம்மொழி உடல்நலத்துக்கும் பொருந்தும் என்பதை இன்று அறிவியல் காட்டுகிறது. மின்சாரமின்றியே உடலைக் குளிர்விக்கும் துணிகள் ஆய்வுக்கூடங்களில் உருவாகியுள்ளன.

நம் உடல் ஓயாமல் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளிவிடுகிறது. பருத்தி முதலிய வழக்கமான துணிகள் அவற்றைத் தடுத்துவிடுகின்றன. 2016-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பைகள் செய்ய உதவும் பாலிஎதிலீனில் நுண்ணிய துளைகள் கொண்ட துணியை உருவாக்கினர். துளைகள் ஒளியைச் சிதறடிப்பதால் உடல் வெளியே தெரியாது; வெப்பக்கதிரோ தப்பிச் செல்லும். அதை அணிந்தால் பருத்தியைவிடத் தோல் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருக்கும்.

வெயிலில்? அதற்கும் 2021-இல் சீன விஞ்ஞானிகள் விடை தந்தனர். டைட்டானியம் ஆக்சைடு துகள்கள் கலந்த அவர்களது துணி, சூரிய ஒளியில் 92 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பியது. ஒரு பாதி இத்துணியாலும் மறுபாதி பருத்தியாலும் தைத்த மேலாடையை ஒருவர் அணிந்து வெயிலில் அமர்ந்தார். புதுத்துணி மூடிய பகுதி 4.8 டிகிரி குளிர்ந்திருந்தது!

குளிர்சாதனப் பெட்டி அறையைக் குளிர்வித்து, வெப்பத்தைத் தெருவில் தள்ளுகிறது. அத்தெருவில் நிற்பவர் யார்? போக்குவரத்துக் காவலர், சாலைப் பணியாளர், சித்தாள். இத்துணி விலை உயர்ந்த விளையாட்டு உடையாகிச் செல்வர் வீட்டு அலமாரியில் தொங்கினால் என்ன பயன்? அரசு இதை முதலில் உழைப்பவரின் சீருடையாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது உடுப்பவரின் உடலை எண்ண வேண்டும். இந்த நீதி பள்ளிச் சீருடைக்கும் உண்டல்லவா? பாலியெஸ்டர் கலந்த துணி கசங்காது, சாயம் போகாது, நெடுநாள் உழைக்கும். பெற்றோரின் செலவும் குறையும். மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல் மாதத்துப் பிற்பகலில் அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும்போது பாடம் மனத்தில் ஒட்டுவதில்லையே! பருத்தி வியர்வையையாவது உறிஞ்சும்.

அன்புள்ள சகோதரிகளே, பெற்றோரே! புதுமைத் துணி நம் ஊருக்கு வரும்போது வரட்டும். அதுவரை கோடை மாதங்களிலேனும் பருத்திச் சீருடைக்கு அனுமதி தாருங்கள். இஸ்திரி போடும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி