கணக்கில் வராத இறால்

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே மாமல்லன் நீர்த்தேக்கத்துக்கு 2026 ஜனவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. மழைநீர் வீணாகக் கடலில் கலக்கிறதாம், மறித்து 1.6 டிஎம்சி தேக்குவார்களாம். அந்த ‘வீணாக’தான் என்னை எழுத உட்கார வைத்தது.

மழைநீரும் கடல்நீரும் கலக்கும் கழியில்தான் இறால் குஞ்சு வளர்கிறது, நண்டு ஒதுங்குகிறது. படகும் வலையும் இல்லாத இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பதும் இங்கேதான். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருப்பது காற்று வாங்கவா? கொடுவா மீனை அடைத்து வளர்த்துக் குஞ்சு பொரிக்கவைத்து 1997-இல் அவர்கள் சாதித்தது இந்தக் கரையில்தான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1.6 டிஎம்சி என்றால் சுமார் 4,530 கோடி லிட்டர். கூப்பிடு தூரத்தில் நெம்மேலி. அங்கே 2013-இல் வந்த கடல்நீர் குடிநீராக்கும் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் வந்ததற்கு 15 கோடி. இரண்டும் முழு மூச்சில் ஓடினால் ஆறே மாதத்தில் அந்த 4,530 கோடி கைக்கு வந்துவிடும். பக்கத்துப் பேரூர் ஆலை 40 கோடி லிட்டருக்குத் திட்டமிடப்பட்டது. அதற்கு 113 நாள் போதும். திரும்பச் சொல்கிறேன்: 113 நாள்! மின்செலவு கட்டாது என்று கிளம்புவார்கள். முதலில் கழியின் இறாலுக்கும் நண்டுக்கும் விலை போட்டுவிட்டு வரட்டும், பேசலாம்.

போட மாட்டார்கள். போடத் தெரியாது. செங்கல்பட்டுப் பக்கம் படிக்கும் மாணவி ஒருவர். சூழலைக் கெடுக்காத உணவு, அரசின் கொள்கை என்று ஆர்வம். கல்லூரிச் சிறுதானிய விழாவில் கம்பங்கூழ் ஊற்றி அலுத்து, இந்தக் கழியைப் பற்றி எழுதக் கிளம்பியவர் என்னிடம் கேட்டார்: “கையால பிடிக்கிற இறால் எந்தத் துறையில சார் வரும்?” நீர்வளத் துறைக்குத் தண்ணீர் தெரியும். மீன்வளத் துறைக்குப் படகு தெரியும். உணவுத் துறைக்கு ரேஷன் அரிசி தெரியும். பறி நிறைய இறாலோடு கரையேறும் பெண்ணை எந்தக் கோப்புக்கும் தெரியாது. கேள்வி கேட்பவரை வளர்ச்சிக்கு விரோதி என்பவர்கள் வாதாடவில்லை, சோம்பல் முறிக்கிறார்கள்.

நட்ட கல்லைப் பிடுங்குவதில் அவமானம் எதுவுமில்லை. பிடுங்காவிட்டால், கரை எழும்பிய மறுவருஷமும் அந்தக் கல்லூரியில் சிறுதானிய விழா நடக்கும். கழியில் இறால் இருக்காது. கூழ் கரைக்கத் தண்ணீருக்கு மட்டும் பஞ்சமிருக்காது.