திருவலை பிழையான சொல்லா?

பேச்சு மொழிச் சிகிச்சை படிக்கிறேன் என்று சொன்னால் எங்கட ஆட்கள் முதலில் கேட்பது, "திக்குவாய்க்குத்தானே பிள்ளை?" திக்குவாயும் உண்டுதான். ஆனால் பாரிசவாதம் வந்து பேச்சுப் போனவர்கள், சாப்பாட்டை விழுங்க முடியாதவர்கள், மூன்று வயதாகியும் கதைக்கத் தொடங்காத பிள்ளைகள் எல்லாரும் எங்களிடம்தான் வருவார்கள். இந்த முதுகலைப் படிப்பை வகுப்பில் இருந்து மட்டும் முடிக்க முடியாது. கனடாவில் குறைந்தது 350 மணிநேரம் மேற்பார்வையின் கீழ் பயிற்சி செய்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் படிக்கும் என் மச்சாளுக்கு 400. அதில் 25 மணிநேரம் சும்மா பக்கத்தில் இருந்து பார்ப்பது.

அந்த மணிநேரங்களில் தமிழுக்கு என்ன இடம் என்பதுதான் என் பிரச்சினை.

என்னுடைய மூன்றாவது பிளேஸ்மென்ட் ஒரு மருத்துவமனையில். பாரிசவாதத்துக்குப் பிறகு அஃபேசியா வந்த ஒரு ஐயா. (அவருடைய விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அஃபேசியா என்றால் புத்தி போவதல்ல, மூளையில் மொழிக்கான பகுதி அடிபடுவது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், சொல் வராது. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "நீ தமிழ்தானே, நீயே செய்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

படங்களைக் காட்டிப் பெயர் கேட்கும் ஒரு சோதனை இருக்கிறது, பொஸ்டன் நேமிங் டெஸ்ட். 60 கோட்டுப் படங்கள். அதில் பீவர் வரும், பிரெட்ஸல் வரும், அஸ்பரகஸ் வரும். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்த ஒருவர் பிரெட்ஸல் தெரியாமல் முழிப்பதை மூளைப் பாதிப்பு என்று எழுத முடியுமா? அதனால் நானே இணையத்தில் தேடி மண்வெட்டி, சுளகு, தேங்காய் துருவி என்று படங்கள் எடுத்துப் போனேன். துருவியைக் காட்டியதும் ஐயா கஷ்டப்பட்டு, "திரு... திருவலை" என்றார். இன்னொரு முறை கேட்டேன். "திருவலை." சொல் சிதைந்து வருகிறது என்று குறித்துக்கொண்டேன்.

அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தா. "அம்மம்மா பின்ன எதில தேங்காய் திருவினவ? திருவலையிலதான்." எங்கள் வீட்டில் தேங்காய்ப்பூ ஃப்ரீசரில் பைக்கற்றாக இருக்கும். அந்தச் சொல் எனக்கு வந்து சேரவேயில்லை.

அடுத்த நாள் காலையில் போய்க் குறிப்பைத் திருத்தினேன். மேற்பார்வையாளர் நல்லவர், கோபிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் என்னைப் பயப்படுத்தியது: "நீ சொல்லாவிட்டால் எனக்கு இது ஒருபோதும் தெரிந்திருக்காது." மேற்பார்வை என்று அதற்குப் பெயர். அந்த மணிநேரமும் என் கணக்கில் ஏறியது.

மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், தேவையும்தான். ஆனால் நல்ல மொழிபெயர்ப்பாளர் உடைந்த வசனத்தைத் தன்னை அறியாமலே ஒட்டவைத்துத்தான் ஆங்கிலத்தில் தருவார். எங்களுக்கு வேண்டியது அந்த உடைவுதான். எழுத்துத் தமிழில் தயாரித்த கேள்வித்தாளும் உதவாது. "நாய் ஓடுகிறது" என்று வீட்டில் யார் கதைக்கிறார்கள்?

பிள்ளைகளிடம் இந்தப் பிழை இன்னும் சுலபமாக நடக்கும். தமிழில் ஒரு வகரம்தான். ஆங்கிலத்தில் இரண்டு. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் அது குறைபாடு அல்ல. உண்மையான மொழிக் குறைபாடு பிள்ளையின் இரண்டு மொழியிலும் தெரியும். ஒன்றில் மட்டும் பார்ப்பவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? சில பெற்றோரிடம் தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று இன்றைக்கும் கேள்விப்படுகிறேன். அதற்கு ஆதாரமே இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. தமிழ் தெரிந்த மாணவரை இலவச மொழிபெயர்ப்பாளராகப் பாவிக்காதீர்கள். தமிழில் வேலை செய்வதையும் பயிற்சியாக எண்ணி, அதைத் தமிழ் தெரிந்த ஒரு சிகிச்சையாளர் பார்க்கட்டும். அதே மருத்துவமனையில் இல்லாவிட்டால் வீடியோவில். களனிப் பல்கலைக்கழகத்திலும் சென்னையிலும் இந்தத் துறையைப் படிப்பிக்கிறார்கள். அங்கே படித்தவர் என் மணிநேரத்துக்குக் கையெழுத்துப் போட முடியாமல் இருக்கலாம், நான் எழுதிய குறிப்பையாவது பார்ப்பார். (சென்னைக்காரருக்குத் திருவலை தெரியுமா என்பது வேறு கதை.)

எங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதலாம் வருடப் படிவத்தில் "வேறு மொழி தெரியுமா" என்ற கேள்விக்கு யோசிக்காமல் "சரளமாக" என்று கோடு போட்டவள் நான். அம்மாவோடு சண்டை பிடிக்கப் போதுமான தமிழ் ஒரு ஐயாவின் மூளையைச் சோதிக்கப் போதாது. இந்தத் துறைக்கு வர யோசிக்கிறீர்களா, வாங்கோ, ஆள் தேவை. வருவதற்கு முன் உங்கள் அப்பம்மாவோடு ஒரு பின்னேரம் குசினியில் நில்லுங்கோ.

என் போனில் இப்போது ஒரு பட்டியல் இருக்கிறது, அம்மா சொல்லச் சொல்ல எழுதியது: உரல், அகப்பை, சுளகு, திருவலை, நீத்துப்பெட்டி. எல்லாவற்றுக்கும் படம் எடுத்துவிட்டேன். நீத்துப்பெட்டிக்குத்தான் தெளிவான படம் கிடைக்கவில்லை. யாருடைய வீட்டிலாவது இருந்தால் ஒன்று எடுத்து அனுப்புங்கோ.